மேல்மாடியில் யார் இருக்கலாம்? ஜார்ஜ்டவுன் கடைவீடுகள் பற்றிப் பினாங்கு அரசுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநில அரசுக்கும் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கும்,

வணக்கம்.

ஜார்ஜ்டவுனின் லெபு குயின், லெபு பாசார், லெபு சூலியா (லெபு என்றால் தெரு) வட்டாரத்தில், கீழே கடையும் மேலே வீடுமாக உள்ள ஒரு பழைய கடைவீடு விலைக்கு வருகிறதென்றால், பெரும்பாலும் பத்து லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல்தான் இன்று பேச்சே தொடங்குகிறது. நல்ல தெரு, நல்ல முகப்பு என்றால் இன்னும் மேலே. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் ஏறிய 2008-க்கு முன் இதே வீடுகள் சில லட்சத்துக்குக் கைமாறின. விலை ஏறிவிட்டதே என்று புலம்ப இதை எழுதவில்லை. விற்கிறவர் நல்ல விலை கேட்பார், அதில் என்ன தப்பு? நான் கேட்க வந்தது வேறு. அந்த வீடுகளின் மேல்மாடியில் யார் இருக்கலாம், யார் இருக்கக் கூடாது என்பதை நீங்கள் பல வருடமாக முடிவு செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். பறவை இருக்கக் கூடாது என்றீர்கள். ஹோட்டல் இருக்கலாம் என்றீர்கள். குடும்பம் இருக்க வேண்டும் என்று மட்டும் ஏன் இன்னும் சொல்லவில்லை?

பறவைக் கதை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு நன்றாகத் தெரியும். குடித்தனக்காரர்கள் காலி செய்த கடைவீடுகளின் மேல்மாடி ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, சின்னத் துவாரம் மட்டும் விட்டு, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தத்தை ஓயாமல் ஓடவிட்டு உழவாரக் குருவிகளை வரவழைத்தார்கள். கூடு சூப்புக்குப் போகும், கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் காசு வரும். எச்சமும் ஈரமும் சுவரையும் பலகையையும் தின்றன. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கத்தைத் தொலைத்தார்கள். அப்போதும் உரிமையாளர்கள், "என் வீடு, என் வியாபாரம், சந்தை விலை" என்றுதான் வாதாடினார்கள். நீங்கள் கேட்கவில்லை. 2013 கடைசிக்குள் பாரம்பரியப் பகுதியிலிருந்து அத்தனை பறவை வீடுகளும் போக வேண்டும் என்று சொல்லிச் செய்தும் காட்டினீர்கள். நல்ல வேலை. 2023-இல் குறுகிய கால வாடகைக்கும் விதிமுறை கொண்டுவந்தீர்கள். ஒரு வீட்டை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதில் அரசு தலையிட முடியாது, எல்லாம் சந்தை பார்த்துக்கொள்ளும் என்று இனி எந்த அதிகாரி சொன்னாலும் இந்த இரண்டையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

ஆட்கள் குறையத் தொடங்கியது 2008-இல் அல்ல. அந்தப் பழியை யுனெஸ்கோமேல் போடுவது சரியல்ல. தீவு தன் சுங்கமில்லாத் துறைமுகத் தகுதியை 1969 வாக்கில் இழந்தது. பின்பு சரக்கு வேலை எல்லாம் எதிர்க்கரைக்கு, பட்டர்வொர்த்துக்குப் போனது. துறைமுகத்தை நம்பிய தமிழ்க் குடும்பங்கள் அப்போதே சிதறத் தொடங்கின. இருந்தவர்களையும் ஒரு சட்டம்தான் பிடித்து வைத்திருந்தது. 1948 ஜனவரிக்குள் கட்டிய வீடுகளின் வாடகையை நினைத்தபடி ஏற்ற விடாத வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அது. அதன் 1966 வடிவம்தான் கடைசிவரை இருந்தது. மலேசியாவிலேயே அந்தச் சட்டத்துக்குள் அதிக வீடுகள் இருந்தது பினாங்கில்தான். சீஃப் டெனன்ட் என்று ஒருவர் முழு வீட்டையும் எடுப்பார். கீழே கடை நடத்துவார். மேலே பலகைத் தடுப்பு வைத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுவார். ஒரே மாடியில் மூன்று குடும்பம், ஒரே அடுப்படி, ஒரே கக்கூஸ். அதை யாரும் பொற்காலம் என்று சொல்லிவிட வேண்டாம். மழைக்காலத்தில் எங்கள் தலைமாட்டில் வாளி இருக்கும்.

1997-இல் அந்தச் சட்டம் ரத்தானது. 1999 டிசம்பர் 31 வரை அவகாசம் கொடுத்தார்கள். எஸ்ஓஎஸ் (சேவ் அவர்செல்வ்ஸ், நம்மை நாமே காப்போம்) என்ற பெயரில் குடித்தனக்காரர்கள் திரண்டு குரல் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. புத்தாயிரம் பிறந்ததை உலகம் வாணவேடிக்கையோடு கொண்டாடியபோது இந்த வட்டாரத்தில் பலர் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீடும் அந்தச் சமயத்தில்தான் போனது. அப்பா பத்தர், நகை செய்கிறவர். கீழே பட்டறை, மேலே நாங்கள். கேட்ட புது வாடகை பழையதைப் போலப் பல மடங்கு. ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாம் அடுக்குமாடிக்குப் போனோம். வீட்டுக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓடு மாற்றுகிற செலவுக்குக்கூடக் காணாத வாடகையைப் பல வருடம் வாங்கியவர் அவர். என் கோபமெல்லாம், ஒரே நாளில் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்காத சட்டத்தின் மேல்தான். இடையில் நிற்க ஒரு படி வைத்திருக்கலாம். வருடத்துக்கு இவ்வளவு சதவீதம்தான் ஏற்றலாம், வயதானவர்களுக்கு இத்தனை வருடம் கூடுதல் என்று. அதெல்லாம் இல்லை.

சரி, அது கூட்டரசு (மத்திய அரசு) செய்தது, உங்களைக் கேட்டு என்ன பயன் என்பீர்கள். நியாயம்தான். ஆனால் அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்கள் காலத்தில்.

2008 ஜூலை 7-ஆம் தேதி மலாக்காவோடு சேர்ந்து ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. மையப் பகுதி 109 ஹெக்டேர் சொச்சம், அதைச் சுற்றிய காப்புப் பகுதி 150 ஹெக்டேர். அந்த ஜூலை 7-ஐ மாநில விடுமுறையாகவே வைத்துவிட்டோம். பட்டியலில் ஏற்றியபோது யுனெஸ்கோ பாராட்டியதில் கட்டடம் பாதி, மனிதர்கள் மீதி. பல இனமும் பல சமயமும் ஒன்றோடொன்று உயிரோடு புழங்குகிற ஊர் என்பது தகுதிக் காரணங்களில் ஒன்று. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801, செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818, மகா மாரியம்மன் கோயில் 1833, இடையில் குவான் யின் கோயில். இத்தனையும் பத்து நிமிட நடையில். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் ஆட்கள் இப்போதும் வருகிறார்கள். ஆனால் ஆயர் ஈத்தாமிலிருந்தும், பட்டர்வொர்த்திலிருந்தும், புக்கிட் மெர்தாஜாமிலிருந்தும் காரில் வருகிறார்கள், கார் நிறுத்த இடம் தேடித் திண்டாடுகிறார்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில் லெபு பினாங்கின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளித் தேர் கிளம்புகிறது. 2017 முதல் லெபு குயின் மாரியம்மன் கோயிலிலிருந்து தங்கத் தேரும் போகிறது. தேர் புறப்படுகிற தெருவில், தேரை வாசலில் நின்று பார்க்கிற வீடுகள் எத்தனை மிச்சம் என்று அடுத்த தைப்பூசத்தில் நீங்களே நடந்து பார்க்கலாம்.

நகரப் புதுப்பிப்பு அமைப்பான திங்க் சிட்டியின் ஏற்பாட்டில் எடுத்த கணக்குப்படி 2009-இல் பாரம்பரியப் பகுதியில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் குடியிருந்தார்கள். 2013-இல் அது ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கும் கீழே வந்துவிட்டது. பட்டியலில் ஏறிய புதிதிலேயே, நான்கே வருடத்தில். அந்த வருடங்களில்தான் 2012-இல் சுவரோவியங்கள் வந்தன, கஃபேக்கள் வந்தன, சைக்கிளில் இரண்டு குழந்தைகள் இருக்கும் ஓவியத்துக்கு முன்னால் வரிசை நின்றது. தெருமுனைகளில் கம்பியை வளைத்துச் செய்த கேலிச் சித்திரங்களும் வந்தன. இந்தத் தெருவில் முன்பு இன்ன தொழில் செய்தார்கள் என்று அவை சிரிப்புக் காட்டுகின்றன. அழகாகத்தான் இருக்கின்றன. முன்பு, முன்பு என்றே எல்லாப் பலகையும் பேசுவதுதான் எனக்குச் சங்கடம்.

இனி விலைக்கு வருவோம். இந்த வீடுகளின் விலையை நிர்ணயிப்பது அதில் குடியிருக்க ஒரு குடும்பம் கொடுக்கக்கூடிய வாடகை அல்ல. ஒரு பேச்சுக்கு ஆறு அறை உள்ள கடைவீடு என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறை இரவுக்கு 150 வெள்ளி, மாதத்தில் பாதி நாள்தான் ஆள் வருகிறது என்றாலும் 13,500 வெள்ளி. செலவெல்லாம் போக மிஞ்சுவதுகூட ஒரு பத்தரோ, பூக்கட்டுகிறவரோ, துணிக்கடை ஊழியரோ கொடுக்கும் ஆயிரம் வெள்ளி வாடகையை எட்டி உதைக்கும். வாங்க வருகிறவர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் விலை சொல்கிறார். அடுத்த வீட்டுக்காரர் அதைக் கேட்டுத் தன் விலையைச் சொல்கிறார். அப்புறம் வாங்கியவர் ஹோட்டல் நடத்த வேண்டும் என்றுகூட இல்லை. சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து வரிசையாக வாங்கிப் பூட்டுப் போட்டுவிட்டு, விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வீடுகளின் கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருப்பதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஆக, இந்த விலை அந்த மேல்மாடியில் ஹோட்டல் போடலாம் என்ற அனுமதியின் விலை. அனுமதி தருவது நீங்கள்.

ஹோட்டல்காரர்களைத் திட்டுவது சுலபம். நான் அதில் சேர விரும்பவில்லை. இடிந்து விழ இருந்த பல வீடுகளைத் தூக்கி நிறுத்தியது அவர்கள் பணம்தான். சிமென்டைப் பூசினால் பழைய செங்கல் சுவர் மூச்சு முட்டி உப்புப் பூக்கும், சுண்ணாம்புச் சாந்துதான் பூச வேண்டும், அதற்குக் கைதேர்ந்த ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி அதிகம். ஓடு, மரம், நடு முற்றத்து வடிகால் என்று ஒழுங்காகச் செய்தால் வீட்டின் பாதி விலை பழுதுபார்க்கவே போகும். எங்கள் அப்பா காலத்து வாடகையில் அது நடந்திருக்காது. 2009-க்குப் பிறகு திங்க் சிட்டி 2 கோடி வெள்ளி மானியத் திட்டத்தில் பல உரிமையாளர்களுக்குக் கை கொடுத்ததும் உண்மை. விற்றுவிட்டுப் போன உரிமையாளர்களையும் நான் குறை சொல்லவில்லை. பல வீடுகள் தாத்தா பேரில் இருக்கும், இன்றைக்குப் பங்குதாரர்கள் பதினைந்து பேர், ஒருவர் பெர்த்தில், ஒருவர் சென்னையில். விற்றுப் பங்கு பிரிப்பதைத் தவிர அவர்களுக்கு வழி தெரிவதில்லை.

ஆனால் முழுத் தெருவும் ஹோட்டலாக இருந்தால் என்ன ஆகும் என்பதை 2020-இல் பார்த்துவிட்டோம். மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், குடும்பங்கள் இல்லாத தெருக்கள் ராத்திரி ஏழு மணிக்கே இருண்டு கிடந்தன. மளிகைக் கடையும் மருந்துக் கடையும் தாக்குப்பிடித்தது மேல்மாடியில் ஆள் இருந்த இடங்களில்தான். இந்தியக் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியாவில் அப்படி மேலே இருந்தவர்களில் பலர் உணவகங்களிலும் துணிக்கடைகளிலும் வேலை செய்ய இந்தியாவிலிருந்து வந்த தம்பிமார். ஓர் அறையில் எட்டுப் பேர் பத்துப் பேர் என்று படுப்பவர்கள். குடியிருப்பவர்கள் என்று பேசும்போது இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் எடுக்கிறேன். தெருவுக்கு உயிர் கொடுப்பதில் அவர்களுக்குப் பங்குண்டு, அவர்கள் படுக்கும் அறைக்கும் ஒழுங்கான அளவும் காற்றும் வேண்டும்.

பழைய வாடகைக் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவில்லை. உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பதை வைத்துச் செய்யக்கூடியதைத்தான் கேட்கிறேன்.

முதலும் முக்கியமுமானது, பயன்பாட்டு மாற்ற அனுமதி. 2016 செப்டம்பரில் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் உங்களிடம் இருக்கிறது. எந்தக் கட்டடம் முதல் வகை, எது இரண்டாம் வகை, புதிதாகக் கட்டினால் 18 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, விளம்பரப் பலகை எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் நுணுக்கமாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதே நுணுக்கத்தோடு மையப் பகுதியில் இப்போது யாராவது குடியிருக்கும் மேல்மாடியை ஹோட்டலாகவோ இரவு வாடகை அறையாகவோ மாற்ற இனி அனுமதி இல்லை என்று ஒரு வரி சேருங்கள். கீழே கடையோ கஃபேயோ என்னவோ இருந்துவிட்டுப் போகட்டும். மேலே வீடு வீடாகவே இருக்கட்டும். இந்த ஒரு வரி வந்தால் அடுத்த நாளே வாங்க வருகிறவரின் கணக்கு மாறும். ஆறு அறைக் கனவு போய்விட்டால் விலையும் தானாக இறங்கி வரும். உரிமையாளர்கள் சத்தம் போடுவார்கள். பறவைக்காரர்களும் போட்டார்கள்.

சத்தம் போடுகிறவர்களுக்கு ஈடாக ஏதாவது கொடுக்கவும் வேண்டும். வீட்டு வரியை நீங்கள் ஆண்டு மதிப்பை வைத்துப் போடுகிறீர்கள். அதாவது அந்த வீடு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்ற மதிப்பீட்டை வைத்து. பக்கத்தில் ஹோட்டல் வந்து வாடகை நிலவரம் ஏறினால், பழைய குடித்தனக்காரரைக் குறைந்த வாடகையில் வைத்திருக்கும் நல்ல மனிதருக்கும் வரி ஏறும் அபாயம் உண்டு. இது எந்த ஊர் நியாயம்? நீண்ட கால ஒப்பந்தத்தில் குடும்பத்தை வைத்திருப்பவருக்கு, அவர் உண்மையில் வாங்குகிற வாடகையை வைத்து வரி போடுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டாகப் போட வழி தேடுங்கள்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2014 ஜூன் முதல் பினாங்கு ஹோட்டல்களில் அறைக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வசூலிக்கிறீர்கள்; தொடங்கியபோது மூன்று நட்சத்திரம் வரை 2 வெள்ளி, அதற்கு மேல் 3 வெள்ளி. சுற்றுலாவை வளர்க்கவே அது என்பது தெரியும். சுற்றுலாப் பயணி பார்க்க வருவது இந்தத் தெருக்களைத்தான். பாரம்பரியப் பகுதியில் வசூலாகும் பங்கில் ஒரு பகுதியை ஒதுக்கி, குடும்பம் இருக்கும் மேல்மாடியின் கூரைக்கும் குளியலறைக்கும் மின்கம்பிக்கும் மானியமாகக் கொடுங்கள். நிபந்தனை ஒன்று போதும்: பத்து வருடத்துக்கு வாடகையை இவ்வளவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதி என்பதை அழுத்திச் சொல்கிறேன். இங்கே பாதிக் குடித்தனம் இன்னும் வாய்ப் பேச்சில்தான் ஓடுகிறது.

அடுத்தது கொஞ்சம் கூச்சமான விஷயம். இந்தப் பகுதியில் கணிசமான வீடுகள் கோயில், பள்ளிவாசல், சீனக் குலச் சங்கம் இவற்றின் அறக்கட்டளைச் சொத்து. 1801-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்குக் கொடுத்த நிலம் மட்டும் 18 ஏக்கர். நம் இந்துக் கோயில்களுக்கும் வீடுகள் உண்டு. ஏழைகளுக்கும் சமூகத்துக்கும் என்று எழுதிவைத்த சொத்தை, அதிக வாடகை கொடுக்கிறவருக்கே விடுவது தர்மமா என்று அறங்காவலர்களை யாராவது கேட்டாக வேண்டும். கோயில் பராமரிப்புக்குக் காசு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். அதற்காகத்தான் மேலே சொன்ன மானியத்தில் முதல் இடம் அறக்கட்டளை வீடுகளுக்குக் கொடுங்கள் என்கிறேன். கீழ்க்கடைக்குச் சந்தை வாடகை வாங்கட்டும். மேல்மாடி ஊர்க்காரர்களுக்கு. பூ கட்டுகிறவரும், பத்தரும், கோயிலில் நாதஸ்வரம் வாசிப்பவரும் வேலைக்கு நடந்து வரும் தூரத்தில் இருந்தால் கோயிலுக்கும்தானே நல்லது. மாநில அரசின் கையில் இருக்கும் கட்டடங்களுக்கும் இதுவே பொருந்தும். அங்கே உங்களுக்கு யாருடைய சம்மதமும் தேவையில்லை.

குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்றைக் கூட்டரசு பல வருடமாகப் பேசி வருகிறது. அது வரும்போது வரட்டும். அதைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கடைசியாக, ஒரு கணக்கு. எந்த வீட்டில் எத்தனை ஓடு உடைந்திருக்கிறது, எந்தச் சுவரில் என்ன நிறம் பூச வேண்டும் என்பதற்கெல்லாம் உங்களிடம் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன, எத்தனை பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், எத்தனை மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது என்ற கணக்கை வருடத்துக்கு ஒரு தடவை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி நான்கு மொழியிலும் வெளியிடுங்கள். ஜூலை 7-இல் கொண்டாட்டத்தோடு சேர்த்தே வெளியிடலாம். ஒரு தெருவில் அந்த எண்ணிக்கை குறைந்தால், மறு வருடம் அது ஏறும்வரை அந்தத் தெருவில் புது ஹோட்டல் உரிமம் கிடையாது என்று வையுங்கள்.

இதையெல்லாம் மனுவாகக் கொடுக்க வேண்டுமென்றால் எந்த அலுவலகம் என்று சொல்லுங்கள். அரசு அலுவலகங்கள் இருக்கும் கொம்தார் கோபுரத்தில் எத்தனையாவது மாடியானாலும் வருகிறோம். பழைய குடித்தனக்காரர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள், அவர்களையும் அழைத்து வருகிறேன். மின்தூக்கி வேலை செய்கிற நாளாகப் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும், எல்லாருக்கும் வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
லெபு குயின் பக்கம் வளர்ந்து, ஆயர் ஈத்தாமில் குடியிருக்கும் ஒரு பினாங்குக்காரர்